கால்சைட் பிடிக்கும் புவிவெப்பக் கிணறு: மருந்துக் குழாய் இறக்குதலும் படிவு நீக்கலும்

துருக்கியின் மேற்கே பியூயுக் மெண்டெரெஸ் பள்ளத்தாக்கில், தெனிஸ்லி நகரத்துக்கு அருகே கிஸில்தெரே புவிவெப்பக் களம் இருக்கிறது. 1968இல் கண்டறியப்பட்ட இடம். 1984இல் அந்த நாட்டின் முதல் புவிவெப்ப மின்நிலையம் இங்கேதான் ஓடத் தொடங்கியது. அடியில் சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும். 200 டிகிரிக்கு மேல் சூடான நீரில் எடையில் சுமார் 1.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது. இந்தச் சேர்க்கை இருக்கும் கிணறு எதுவானாலும் ஒரே வியாதிதான்: உற்பத்திக் குழாய்க்குள்ளேயே கால்சைட் வளர்ந்து வழியை அடைக்கும்.

கீழே வரும் கணக்குகள் இந்த வகைக் கிணறு ஒன்றை மாதிரியாக வைத்துப் போட்டவை: அடிநீர் 210 டிகிரி செல்சியஸ், வாயு 1.5 சதவீதம், மணிக்கு 250 டன் பாய்வு, உள்விட்டம் 224 மி.மீ கொண்ட 9⅝ அங்குல கேசிங் (கிணற்றுச் சுவராக நிற்கும் எஃகுக் குழாய்). உங்கள் கிணற்றின் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கின் வழி மாறாது.

படிவு எங்கே பிடிக்கிறது

கால்சைட் சூடான நீரில் குறைவாகவும் ஆறிய நீரில் அதிகமாகவும் கரையும். ஆகவே கிணற்றில் மேலே ஏறும் நீர் ஆறுவதால் அது படிவதில்லை. படிய வைப்பது வாயு பிரிவது. சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோல, அழுத்தம் குறைந்து முதல் குமிழி வரும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு நீரைவிட்டு ஓடுகிறது, நீரின் பிஎச் ஏறுகிறது, பைகார்பனேட் கார்பனேட்டாகி, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. நீரில் சில சதவீதம் ஆவியாவதற்குள்ளேயே வாயுவில் பெரும்பகுதி போய்விடும். அதற்கு மேலே நீர் ஆறிக்கொண்டே போவதால் படியும் ஆசையும் குறைந்துவிடும். விளைவு, கிணறு முழுக்கப் படிவு வராது. நூறு, இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு கழுத்துப்பட்டைபோல வளரும். அதற்குக் கீழே குழாய் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும்.

படிவைத் தடுக்கும் மருந்து அந்தக் கழுத்துக்குக் கீழேயே நீரில் கலந்திருக்க வேண்டும். மேலே வெல்ஹெட்டில் (கிணற்றுத் தலையில்) எவ்வளவு ஊற்றினாலும், ஆவியையும் நீரையும் பிரிக்கும் செப்பரேட்டருக்குத்தான் உதவும், கிணற்றுக்கு உதவாது.

முதல் குமிழி வரும் ஆழம்

அதிகமாகச் செய்யப்படும் தவறு, நீராவி அட்டவணையை மட்டும் பார்ப்பது. 210 டிகிரி தூய நீர் 19 பாரில் கொதிக்கும் என்று அட்டவணை சொல்லும். ஆனால் நம் நீரில் வாயு இருக்கிறது. எடையில் 1.5 சதவீதம் என்றால் மோல் பின்னம் (மூலக்கூறு எண்ணிக்கையில் வாயுவின் பங்கு) சுமார் 0.0062. இந்த வெப்பநிலையில் கார்பன் டை ஆக்சைடின் ஹென்றி மாறிலி (அந்தப் பங்கை வாயு அழுத்தமாக மாற்றும் எண்) ஏறக்குறைய 6200 பார். பெருக்கினால் வாயுவின் பங்கு 38 பார். நீராவியின் 19ஐச் சேர்த்தால் 57 பார். அதாவது முதல் குமிழி 57 பாரிலேயே வந்துவிடுகிறது. 210 டிகிரி நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 853 கிலோ, 100 மீட்டருக்கு 8.4 பார். அந்த 38 பார் வித்தியாசம் வெறும் நீருக்கே 450 மீட்டர். குமிழி கலந்த நீர் அதைவிட லேசு என்பதால் நிஜத்தில் இன்னும் கூடுதல். வாயுவை மறந்து இறக்கிய குழாய் அவ்வளவு மேலே தொங்கி நிற்கும். பம்பு ஓடும், மருந்து செலவாகும், கிணறு அடைத்துக்கொண்டே போகும்.

கணக்கு ஒரு தொடக்கம்தான். கிணறு ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த-வெப்பக் கருவியை இறக்கி அளப்பதே தீர்ப்பு. 100 மீட்டருக்கு 8.4 பார் என்று நேர்கோடாகப் போகும் அழுத்தச் சரிவு எங்கே உடைந்து தளர்கிறதோ அதுதான் முதல் குமிழி. அந்த இடத்தைச் சுற்றி 25 மீட்டருக்கு ஒரு முறை நின்று அளக்கவும். வழக்கமான பாய்வில் ஒருமுறை, வால்வை முழுக்கத் திறந்து ஒருமுறை. பாய்வு கூடினால் அந்த ஆழம் கீழே இறங்கும். ஆண்டுகள் போகப்போக அடிநில அழுத்தம் குறைந்தாலும் இறங்கும். மிக ஆழமான அளவுக்குக் கீழே இன்னும் 100 மீட்டர் விட்டு மருந்து முனையை வைப்பது பாதுகாப்பு. நம் மாதிரிக் கிணற்றில் குமிழி 900 மீட்டரில் என்று வைத்துக்கொண்டால் முனை 1000 மீட்டரில், அங்கே அழுத்தம் சுமார் 65 பார். ஆண்டுக்கொரு முறை மறுபடி அளக்காத கிணற்றில் இந்த 100 மீட்டர் எப்போது தீர்ந்துபோகும் என்று யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சாமான்

மருந்தைக் கீழே கொண்டுபோகும் மெல்லிய குழாயான கேப்பிலரி டியூப் கால் அங்குல வெளிவிட்டம், சுவர் 0.049 அங்குலம், உள்விட்டம் 3.87 மி.மீ. உலோகம் அலாய் 825 அல்லது 625, அல்லது டூப்ளெக்ஸ் 2205. 316எல் ஸ்டெயின்லெஸ் பாதி விலைக்கு வரும். ஆனால் குளோரைடு, வெப்பம், துளி ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் வெடிப்பு விழுந்து உடையும். 1000 மீட்டரும் வெல்டு செய்த ஒரே சுருளாக வர வேண்டும், வெல்ஹெட்டுக்குக் கீழே ஃபிட்டிங் எதுவும் கூடாது. முனையில் செக் வால்வு உள்ள மருந்துச் சேம்பர், அதற்குக் கீழே எடைக்கம்பிகள். மேலே, அழுத்தம் உள்ள கிணற்றுக்குள் டியூபை விடுவதற்கான லூப்ரிகேட்டர் எனும் குழாய், கசிவைத் தடுக்கும் பேக்கிங், டியூபைத் தொங்கவிடும் ஹேங்கர்.

தரையில் இரண்டு டயாஃப்ரம் டோஸிங் பம்பு, ஒன்று ஓட ஒன்று காத்திருக்க. அளவுக் கண்ணாடிக் குழாய், ரிலீஃப் வால்வு, பிரஷர் கேஜ், பம்புக்கு முன்னும் பின்னும் ஃபில்டர், இரண்டு கலவைத் தொட்டி. பம்புக்கு யூபிஎஸ் அல்லது தனி ஜெனரேட்டர் கட்டாயம். மின்சாரம் போனால் டர்பைன் நிற்கும், பம்பு நிற்கும். கிணறு மட்டும் நிற்காது.

மருந்தும் அளவும்

பாஸ்போனேட் வகை மருந்துகள் மிதமான வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். 200 டிகிரியைத் தாண்டினால் உடைந்து பாஸ்பேட்டாகி, கால்சியம் பாஸ்பேட் என்ற இன்னொரு படிவைக் கொண்டுவரும் அபாயம் உண்டு. இந்தக் களங்களுக்குப் பாலிமலேயிக், பாலிஅக்ரிலேட் வகைப் பாலிமர்களே பொருத்தம். விற்பவர் தரும் ஆய்வறிக்கை பெரும்பாலும் 80 அல்லது 90 டிகிரி பாட்டில் சோதனையாக இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, மருந்தை ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலத்தில்) கிணற்றின் வெப்பநிலையில் சில மணி நேரம் வைத்து, அதன்பின் வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

பாய்வு மணிக்கு 250 டன், அளவு 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) என்றால் மணிக்கு 1.25 கிலோ மருந்து. இதை அப்படியே நீர்க்காமல் அனுப்பக் கூடாது. டியூபின் கொள்ளளவு 1000 மீட்டருக்கு 11.8 லிட்டர், மணிக்கு ஒன்றேகால் லிட்டர் வீதம் போனால் மருந்து அடியை அடைய ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். அத்தனை நேரமும் 180, 200 டிகிரியில் வெந்து கெட்டியாகிக் கூழாக நிற்கும். பத்து சதவீதக் கரைசலாக்கி மணிக்கு 12.5 லிட்டர் அனுப்பினால் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நீர்க்கச் செய்ய எந்தத் தண்ணீர் என்பதில்தான் பல நிலையங்கள் சறுக்குகின்றன. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை பாலிமரோடு சேர்ந்து தொட்டியிலேயே வெள்ளைக் கூழாகும். மென்னீராக்கியில் வந்த நீர் அல்லது கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து வரும் நீர்) வேண்டும், ஆக்சிஜன் நீக்கியிருக்க வேண்டும். மருந்தே அமிலமாக வந்தால் காஸ்டிக் சோடா விட்டுப் பிஎச்சை 7 அருகே கொண்டுவந்த பிறகு அனுப்பவும். இல்லையேல் விலை கொடுத்து வாங்கிய அலாயை அது தின்னும்.

டியூபுக்குள் வெற்றிடம்

இது பெரும்பாலும் வரைபடத்தில் விடுபட்டுப்போகும் விஷயம். டியூபுக்குள் 1000 மீட்டர் சூடான கரைசல் நிற்கிறது, அதன் எடை சுமார் 85 பார். அடியில் கிணற்றின் அழுத்தம் 65 பார், டியூபில் உராய்வு இழப்பு 3 பார். அதாவது பம்பு தள்ளவே வேண்டாம். 17 பார் மிச்சத்தோடு கரைசல் தானே கீழே உறிஞ்சப்பட்டுவிடும். டியூபின் மேல்பகுதியில் வெற்றிடம் உண்டாகும். அங்கே வெளியே 180 டிகிரி. உள்ளே அழுத்தம் இல்லாத கரைசல் கொதித்து நீர் பிரிந்துபோக, பாலிமர் மட்டும் சுவரில் காய்ந்து ஒட்டும். மேலே 100, 200 மீட்டருக்குள் அடைத்துக்கொள்ளும் டியூப்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

தீர்வு, சேம்பரில் ஸ்பிரிங் வைத்த வால்வு. 40 பாருக்குத் திறப்பதாக வைத்தால் தரையில் பம்பு காட்டும் அழுத்தம் 65 + 3 + 40 − 85, அதாவது 23 பார். 180 டிகிரியில் நீர் கொதிக்காமல் இருக்க 10 பாருக்குச் சற்று மேல் போதும். இந்த 23 என்ற எண்ணைப் பம்பின் பக்கத்திலேயே பெயின்டில் எழுதி வையுங்கள். பின்னால் கோளாறு தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

இறக்கும் நாள்

கிணற்றில் ஏற்கெனவே படிவு இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். மருந்து புதிய படிவைத் தடுக்கும், பழையதைக் கரைக்காது. சேம்பரைவிடச் சற்றுப் பெரிய டம்மியை 1000 மீட்டர் வரை இறக்கி ஏற்றிப் பார்த்த பிறகே டியூப்.

சுருளைத் தரையில் வைத்தே அழுத்தச் சோதனை செய்து, வெளியே வரும் நீர் ஃபில்டரில் துகள் விடாத வரை கண்டன்சேட் விட்டுக் கழுவவும். ஆலையிலிருந்து வரும் சுருளில் உலோகத் தூள் எப்போதும் இருக்கும், அது நேராக ஸ்பிரிங் வால்வில் போய் உட்காரும். பிறகு டியூபை நீர்க்கரைசலால் நிரப்பி, பம்பை ஓட்டி, சேம்பர் நுனியில் சொட்டுவதைக் கண்ணால் பார்த்தபின் லூப்ரிகேட்டருக்குள் விடவும். அந்த நொடியிலிருந்து பம்பு நிற்கக் கூடாது.

கிணற்றின் பாய்வைக் குறைத்து வைத்து, நிமிடத்துக்கு 20 மீட்டருக்கு மேல் போகாமல் இறக்கவும். எடைக் காட்டி மீது ஒருவர் கண் இருக்க வேண்டும். குமிழி மண்டலத்தில் மேல்நோக்கிய இழுவை அதிகம், எடை திடீரென்று குறைந்து தெரியும். டியூப் தளர்ந்து வளைந்தால் அடுத்த மீட்டரிலேயே மடங்கும். முழு ஆழம் போனபின் பாய்வை மெல்ல வழக்கமான அளவுக்குக் கூட்டி, எடை ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்கவும். ஆடினால் எடைக்கம்பி போதவில்லை.

டியூப் உள்ளே இருக்கும்வரை, கிணற்றை முழுக்க அடைக்கும் மாஸ்டர் வால்வை மூடக் கூடாது. மூடினால் வெட்டுப்பட்டு ஒரு கிலோமீட்டர் டியூபும் எடையும் கிணற்றுக்குள் விழும், பிறகு அதைக் கொக்கி போட்டு வெளியே எடுக்கும் ‘மீன்பிடி’ வேலைதான். வால்வுக்குச் சங்கிலி, பூட்டு, ‘டியூப் உள்ளே’ என்ற பலகை மூன்றும் வேண்டும். இரவு ஷிப்டுக்குப் புதிதாக வந்தவர் பதற்றத்தில் முதலில் தொடப்போவது இந்த வால்வைத்தான்.

வெல்ஹெட் இருப்பது ஒரு குழியில் என்பதால் இன்னொன்று. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். காற்றில்லாத நாளில் குழியில் தேங்கும், வாசனை கிடையாது. எட்டு மணி நேர வேலைக்கு 5000 பிபிஎம் எல்லை. 40,000 உடனடி உயிராபத்து. மீட்டரைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கி எண்ணைப் பார்த்த பிறகே ஆள் இறங்கலாம்.

அளவைக் குறைத்துக்கொண்டு வருவது

10 பிபிஎம்மில் தொடங்கி ஒரு வாரம் அப்படியே விடவும். பின்பு ஒவ்வொரு பிபிஎம்மாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சில நாள் நின்று, நீரில் கால்சியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கவும். ஆவி பிரியும்போது இரண்டும் ஒரே அளவில் செறிவாகும். விகிதம் விழுந்தால் கால்சியம் வழியில் எங்கோ ஒட்டிக்கொண்டது என்று பொருள்.

மாதிரி எடுப்பதில் சோம்பல் கூடாது. நீரைக் குளிர்விக்கும் சுருள் வழியே எடுத்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் அங்கேயே வடிகட்டி, பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டுப் பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் லேபுக்குப் போகும் வழியில் பாட்டிலின் அடியிலேயே கால்சைட் படிந்து, கிணற்றில் கோளாறு என்று பொய் சொல்லும். குளோரைடுக்கு அமிலம் சேர்க்காத தனிப் பாட்டில்.

இதில் ஒரு எல்லை உண்டு. மணிக்கு 250 டன் பாய்வில் கிலோவுக்கு 1 மி.கி கால்சியம் குறைந்தால், நாளுக்கு 15 கிலோ கால்சைட். ஓராண்டில் ஐந்தரை டன். லேபின் பிழையே அரை மி.கி இருக்கலாம். ஆகவே விகிதம் சரியாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஒரே வால்வுத் திறப்பில் வெல்ஹெட் அழுத்தத்தைத் தினமும் குறித்து, வாரக்கணக்கில் கோடு இறங்குகிறதா என்று பார்க்கவும். இரண்டில் எது விழுந்தாலும் 2 பிபிஎம் மேலே போகவும். அதிகமாகப் போடுவதும் நல்லதல்ல. கூடுதல் பாலிமர் செப்பரேட்டரிலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் பிசுபிசுப்பாக ஒட்டும்.

பம்பு அழுத்தம் சொல்வது

23 பாரிலிருந்து நாளுக்கு நாள் ஏறினால் டியூபிலோ சேம்பரிலோ அடைப்பு வளர்கிறது. மருந்தை நிறுத்தி, டியூபின் இரண்டு மடங்கு கொள்ளளவு, அதாவது சுமார் 24 லிட்டர் கண்டன்சேட் விட்டுக் கழுவிப் பார்க்கவும். மின்தடைக்குப் பிறகும் இதையே முதலில் செய்ய வேண்டும்.

சட்டென்று சுழிக்கு அருகே விழுந்தால் டியூப் உடைந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் போயிருக்கிறது. 300 மீட்டரில் உடைந்தால் அங்கே கிணற்று அழுத்தமும் டியூபுக்குள் நிற்கும் கரைசலின் எடையும் ஏறக்குறைய சமம். 40 பார் வால்வின் எதிர்ப்பும் இல்லை. தரையில் எல்லாம் சுமுகமாகத் தெரியும், தொட்டியும் வழக்கம்போலக் குறையும், ஆனால் மருந்து குமிழிக்கு மேலே கொட்டிக்கொண்டிருக்கும். பாய்வுமானியை மட்டும் நம்பும் நிலையத்தில் இது வெல்ஹெட் அழுத்தம் விழுந்த பிறகே வெளிவரும்.

அடைத்துப்போன கிணற்றைத் திறப்பது

10 மி.மீ தடிமன் படிவு 224ஐ 204 மி.மீ ஆக்கும், குறுக்குப் பரப்பு 83 சதவீதம். 30 மி.மீ ஆனால் 54 சதவீதம். மெல்லியதாக இருக்கும்போதே செய்தால் வேலை மலிவு.

துளையிடும் ரிக் வைத்து, பிட் எனும் குடையும் முனையால் குடைவது நேரடி வழி. ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில் சிறிய ரிக்கைக் கொண்டு, கிணறு ஓடிக்கொண்டிருக்கும்போதே குடைவதைப் பழக்கமாக்கினார்கள். தூள் மேலே வந்துவிடும், கிணற்றைக் குளிர்விக்க வேண்டியதில்லை. ஆனால் கிணற்றின் அடியில் உள்ள துளையிட்ட குழாயான ஸ்லாட்டட் லைனரின் பின்னாலும் பாறை வெடிப்பிலும் இருக்கும் படிவைப் பிட் தொடாது. அங்கே ஆசிட்தான்.

அளவு இப்படி: 10 மி.மீ படிவு 150 மீட்டர் நீளம் என்றால் ஒரு கனமீட்டர், அதாவது சுமார் 2.7 டன் கால்சைட். 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு கனமீட்டரில் 161 கிலோ அமிலம் இருக்கிறது, அது 220 கிலோ கால்சைட்டைக் கரைக்கும். ஆகவே 12 முதல் 13 கனமீட்டர். ஒவ்வொரு கனமீட்டர் ஆசிட்டும் கிட்டத்தட்ட 50 கனமீட்டர் வாயுவை வெளியேற்றும். வெளியேறும் வழியை முன்பே திறந்து வைக்காமல் ஆசிட் விடக் கூடாது. கேசிங்கைக் காக்கும் அரிப்புத் தடுப்பான்கள் 150 டிகிரிக்கு மேல் தளர்ந்துபோவதால், முதலில் குளிர்நீர் விட்டுக் கிணற்றை ஆற்ற வேண்டும். அவசரமாக ஆற்றினால் கேசிங் சுருங்கிச் சிமென்ட் விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் செலவு படிவைவிடப் பெரியது. ஆசிட்டைக் காயில்டு டியூபிங் (சுருளிலிருந்து கிணற்றுக்குள் இறக்கும் குழாய்) வழியே படிவின் எதிரேயே விடுங்கள். மேலிருந்து ஊற்றினால் பாதி நல்ல குழாயைத் தின்னவே செலவாகும்.

நீர் ஆறும் பக்கம்

கிணறு சரியானதும் தொல்லை தரைமேல் நீர் ஆறும் பக்கத்துக்கு நகரும். 210 டிகிரி நீரில் குவார்ட்ஸ் சமநிலைப்படி சிலிக்கா கிலோவுக்கு சுமார் 300 மி.கி. 150 டிகிரியில் ஆவி பிரித்தபின் மிச்ச நீரில் 346. படிகமற்ற சிலிக்காவின் கரைதிறன் 100 டிகிரியில் 364, 90இல் 321, 80இல் 282. கோடு 96 டிகிரியில் வெட்டுகிறது. மிச்ச நீரின் வெப்பத்தால் வேறொரு திரவத்தை ஆவியாக்கி மின்சாரம் எடுக்கும் பைனரி யூனிட்டில் இன்னும் பத்து டிகிரி பிழிந்தால் மின்சாரம் கூடும் என்று நீரை 85க்கு இறக்கினால், திருப்பிச் செலுத்தும் கிணறு மெல்ல அடைபடும். பிஎச்சைக் குறைத்தால் சிலிக்கா கட்டியாவது தாமதமாகும். படியாமல் கிணற்றை அடைந்துவிட நேரம் கிடைக்கும், அவ்வளவே.

பைனரி யூனிட்டின் ப்ரீஹீட்டரில் (அந்தத் திரவத்தை முன்சூடாக்கும் கருவியில்), குளிர்ந்த முனையில் கருஞ்சாம்பல் நிறத்தில் வந்தால் அது சிலிக்கா அல்ல, ஸ்டிப்னைட் எனும் ஆன்டிமனி சல்பைடாக இருக்கலாம். நியூசிலாந்தின் நாஃபா, ரொட்டோகாவா களங்களில் தெரிந்த சங்கதி இது. கால்சைட்டுக்கு வைத்திருக்கும் ஆசிட்டை இதன்மேல் விட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்து வாசனையும் தெரியாது. சூடான காஸ்டிக் சோடாக் கரைசலைச் சுழற்றிக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் ஆன்டிமனியும் சல்பைடும் கரைந்தே இருக்கின்றன. அதை நடுநிலையாக்க ஆசிட் விடும் இடத்திலும் அதே வாயு கிளம்பும். மூடிய தொட்டியில், வாயுவைக் காஸ்டிக் ஸ்க்ரப்பர் (வாயுவைக் காஸ்டிக் கரைசலால் கழுவும் கலம்) வழியே இழுத்துக்கொண்டு மட்டும் செய்யவும். அடியில் தங்கும் ஆன்டிமனிச் சேறு ஆபத்தான கழிவு, அதைப் பொதுக் குப்பையில் சேர்க்கக் கூடாது.